வாயிற்படியும் நாய்க்குட்டியும்



திருகோணமலையிலிருந்து ஒருவன் வரலாறு பேச வருகின்றான் என்றால், கோணேசர் ஆலயத்தைப் பற்றியோ, போர்த்துக்கேயர் 1624ஆம் ஆண்டிற் கட்டிய கோட்டையைப் பற்றியோ, உலகோர் புகழும் எங்கள் துறைமுகத்தைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் மிகச் சிறியது. ஒரு நாய்க்குட்டி வீட்டினுள்ளே அசுத்தம் செய்யாதிருக்க எவ்வாறு பழகுகின்றது என்பதே அப்பொருள். இதற்கும் ஒரு வரலாறு உண்டா என்று நகைக்க வேண்டாம். உண்டு, அது கோட்டையின் வரலாற்றினும் நீண்டது.

இப்பொருள் எனக்குப் படலையடியிற் கிடைத்தது. சென்ற மாரியில், லிங்கநகரில் உள்ள எங்கள் வீட்டுப் படலையருகே, நனைந்த சாக்கொன்றின்மேல் ஒரு பெண் குட்டியை யாரோ விட்டுச் சென்றிருந்தனர். இரண்டு மாதம் நிரம்பாத குட்டி. முன்னாளில் ஆயின் அதற்கு வளவின் ஒரு மூலையிற் சோறிட்டு, கொட்டிலில் ஒரு சாக்கை விரித்து, கடமை முடிந்ததென்று இருந்திருப்போம். இம்முறை பேரப்பிள்ளை அதனைத் தூக்கிக்கொண்டு நேரே விறாந்தையைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டில் ஒரு நாய் வாயிற்படியைக் கடந்தது அதுவே முதற்றடவை. தொல்லையும் அன்றே தொடங்கிற்று.

இந்த வாயிற்படியைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். மகாவமிசத்தின் ஏழாம் அதிகாரத்தில், விசயனும் அவன் தோழரும் இலங்கைக் கரையில் இறங்கியபொழுது, குவேனியின் பணிமகளாகிய இயக்கி ஒருத்தி பெண் நாயின் உருவில் அவர்கள் முன் தோன்றினாள் என்று கூறப்படுகின்றது. இளவரசன் தடுத்தும் கேளாமல் தோழருள் ஒருவன் அந்த நாயின் பின்னே சென்றான். ஊர் இருக்கும் இடத்திலன்றோ நாய் இருக்கும் என்பது அவன் எண்ணம். கதையில் வரும் இயக்கியரை நம்புவோரும் நம்பாதோரும் உளர். அவன் எண்ணத்தை நம்பாதார் இலர். நாயைக் கண்டால் மனிதன் அண்மையில் உள்ளான் என்பது அக்காலத்திலேயே யாவரும் அறிந்த செய்தி.

தமிழரும் நாயை நன்கு அறிந்தவரே. தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுத்துக் கூறுமிடத்து, நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளையவற்றையும் குருளை என்னும் பெயரால் வழங்குகின்றது. காட்டுப் புலியின் குட்டிக்கும் வீட்டு நாயின் குட்டிக்கும் ஒரே பெயர். எனினும் நம்மவர் வீட்டில் நாய்க்குரிய இடம் முற்றமும் வளவும் படலையுமேயாம். வைரவருக்கு ஊர்தியாகக் கோயிலினுள் நிற்கும் நாயை, குசினிப் பக்கம் கண்டால் விளக்குமாற்றை எடுப்போம். மண் முற்றத்தில் எங்கே கழித்தாலும் வெயிலும் மழையும் அதனைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே நாய்க்குட்டிக்கு இடமறிந்து கழிக்கப் பழக்கும் கலை நமக்குத் தேவைப்படவில்லை. நாம் கற்பித்தது ஒன்றே: இந்தக் கோட்டைத் தாண்டாதே என்பது. கற்பித்த கருவி தடி.

அடிபட்ட குட்டி ஒன்றின் கதை மகாபாரதத்தின் தொடக்கப் பகுதியிலேயே வருகின்றது என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகின்றோம். தருமருடன் இறுதிவரை நடந்த நாயை யாவரும் அறிவர். ஆதிபருவத்துக் குட்டியை அறிந்தோர் சிலரே. பரீட்சித்தின் மகனாகிய சனமேசயன் குருச்சேத்திரத்தில் நெடுங்கால வேள்வி ஒன்று நடத்துகின்றான். தெய்வ நாயாகிய சரமையின் குட்டி அவ்விடம் வருகின்றது. அரசனுடைய தம்பியர் மூவரும் அதனை அடித்துத் துரத்துகின்றனர். குட்டி அழுதுகொண்டு தாயிடம் ஓடுகின்றது. நீ ஏதேனும் பிழை செய்திருப்பாய் என்கின்றாள் தாய். அவிப்பொருளை நான் நக்கவுமில்லை, ஏறெடுத்துப் பார்க்கவுமில்லை என்கின்றது குட்டி. சரமை வேள்விச்சாலைக்கே வந்து, பிழை செய்யாத பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கின்றாள். அவர்கள் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும் என்று சபித்துவிட்டுப் போகின்றாள். பேரரசன் அந்தச் சாபத்துக்கு அஞ்சி, அதனைத் தீர்க்கவல்ல புரோகிதனைத் தேடி அலைகின்றான். நான் பல ஆண்டுகள் மேல்வகுப்புகளிற் பாரதம் பற்றிப் பேசியவன். அந்தத் தம்பியரின் மௌனம் எத்தகையது என்பதைச் சென்ற மாரியிலேதான் உணர்ந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகின்றேன். ஒரு நாள் பாடசாலை முடிந்து வீடு வந்தபொழுது, என் மேசையடியில் காலையிலேயே கழித்துக் காய்ந்துபோன அடையாளம் ஒன்றைக் கண்டேன். குட்டியைப் பிடித்துக் கொணர்ந்து, அதன் மூக்கை அவ்விடத்தில் அழுத்தி, ஈர்க்குமாற்றால் இரண்டு போட்டேன். இவ்வாறே செய்ய வேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்டிருந்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சருங்கோ, எதற்கு அடி விழுந்தது என்று அதற்குத் தெரியுமோ?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

மறுநாள் முதல் மேசையடி சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாயிருந்தது. நான்காம் நாள் அரிசி மூட்டைக்குப் பின்னே நாற்றம் எழுந்தது. குட்டி முற்றத்துக்குப் போகக் கற்றுக்கொள்ளவில்லை; என் கண்ணுக்கு மறைவாகக் கழிக்கக் கற்றுக்கொண்டது. படலை திறக்கும் ஓசை கேட்டதும் அலுமாரியின் கீழ் ஒளியவும் கற்றுக்கொண்டது. ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இது புதிய காட்சி அன்று.

அதன் பின்னரே இதன் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

மனிதரும் நாய்க்குட்டியும் ஒன்றாய் வாழ்ந்தமைக்கு மிகப் பழைய சான்றுகள் உள. இன்றைய இசுரேல் நாட்டின் வடபால் ஐன் மல்லாகா என்னும் இடத்தில், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், இறந்தவரின் கை ஒரு குட்டியின் உடல்மீது வைக்கப்பட்ட நிலையில் எலும்புகள் கிடைத்தன. ஜேர்மனியில் 1914ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஒபர்காசல் புதைகுழி அதனினும் பழையது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். அதிலிருந்த குட்டி கடும் நோயுற்று, மனிதர் பேணியதனாற் சில வாரங்கள் உயிர் பிழைத்திருந்தது என்று அதன் பற்களை ஆராய்ந்தோர் 2018ஆம் ஆண்டில் எழுதினர். நோயுற்ற குட்டி தானாக எழுந்து வெளியே போயிராது. யாரோ ஒருவர் அதன் படுக்கையைத் துப்புரவு செய்திருக்க வேண்டும். இது என் ஊகமே.

இடமறிந்து கழிக்கப் பழக்குவது பற்றிய எழுத்துகளில் என் மனத்தைக் கவர்ந்தது ஆங்கில நாட்டு நூலொன்று. யோர்க் கோமகனாகிய எட்வேட் என்பவர், 1415ஆம் ஆண்டு அசின்கோர்ட் போரில் மாண்டவர், அதற்குச் சில ஆண்டுகள் முன் வேட்டைக்கலை பற்றி ஒரு நூல் செய்தார். அதன் பெரும்பகுதி பிரான்சு நாட்டுக் கஸ்தோன் பீபஸ் என்னும் பிரபு எழுதியதன் மொழிபெயர்ப்பு. நாய்க்கொட்டில் எவ்வாறு அமைய வேண்டும் என்று கூறுமிடத்து, நாய்கள் படுத்த வைக்கோலை எடுத்து ஆறு கற்களின்மேற் சுற்றி நட்டுவைக்குமாறும், நாய்கள் அவற்றின்மேற் சிறுநீர் கழிக்கும் என்றும் கூறுகின்றார். இராப்பகலாக ஒரு சிறுவன் கொட்டிலிலே நாய்களுடன் இருக்க வேண்டும் என்பதும் அவர் விதி. இதில் அடிக்கு இடமில்லை. நாய்க்கு மூக்கே வழிகாட்டி, தன் மணம் உள்ள இடத்தையே அது மீண்டும் நாடும் என்பதை, ஆய்வுகூடம் எதுவும் இல்லாத காலத்திலேயே வேட்டைக்காரர் கண்டுகொண்டனர். நான் குட்டியின் மூக்கை மேசையடியில் அழுத்தியபொழுது, உண்மையில் அதற்கு இதுவே உன் இடம் என்று காட்டிக்கொடுத்தேன் போலும்!

நம் நாட்டில் நாய் வீட்டினுள் வந்தது பெரும்பாலும் ஆங்கிலேயருடைய பங்களாக்களோடுதான். 1795ஆம் ஆண்டு திருகோணமலையைக் கைப்பற்றிய அவர்கள், 1957ஆம் ஆண்டு வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தனர். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் இல்லங்களில் நாயைக் கவனிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு பையன் இருந்தான். குட்டியை வெளியே கொண்டுபோய்க் காத்து நின்றவனும், தரையைத் துடைத்தவனும் நம்மவனே. ஆயின் அவன் கற்ற கலையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. அவன் வீட்டு நாய் முற்றத்து நாய். அவர்கள் நமது ஊர்நாய்க்கு இட்ட பெயரோ, நம் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட குலத்தார் ஒருவரின் பெயர். அதனை இந்த ஒலிவாங்கியின் முன் சொல்ல நான் விரும்பவில்லை.

ஊர்நாய்க்குச் சட்டம் வந்ததும் அக்காலத்திலேதான். விசர்நாய் நோயைத் தடுக்க 1893ஆம் ஆண்டில் ஒரு கட்டளைச் சட்டமும், நாய்களைப் பதிவு செய்ய 1901ஆம் ஆண்டில் ஒரு கட்டளைச் சட்டமும் இலங்கையில் இயற்றப்பட்டன. விசர்நாய்க்கடியால் மாந்தர் மாண்ட கொடுமையை நினைத்தால் சட்டத்தைக் குறைகூற இயலாது. ஆனால் உரியவன் இல்லாத நாய்க்கு அழிவே முடிவு என்பதாகப் பல தலைமுறைகள் கழிந்தன. தெருநாய்களைக் கொல்வதைக் கைவிடும் கொள்கை 2006ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இனி அறிவியலுக்கு வருவோம். உருசிய நாட்டு மருத்துவர் பாவ்லோவ், சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர், உணவுக்கு முன் ஓர் ஒலியைத் தொடர்ந்து கேட்ட நாய், பின்னர் ஒலி மாத்திரம் கேட்டாலும் உமிழ்நீர் சுரப்பதைக் காட்டினார். 1910ஆம் ஆண்டில் ஜேர்மனியப் பொலிசு அதிகாரியாகிய கொன்ராட் மோஸ்ற் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் மென்மையானவர் அல்லர், கடுங்கட்டாயத்தையும் பயன்படுத்தியவர். எனினும், நாய்க்கு மனிதரைப் போன்ற அறவுணர்வைக் கற்பித்துப் பேசுதல் தவறு, பாராட்டாயினும் தண்டனையாயினும் செயலோடு ஒருங்கே நிகழாவிடின் பயனில்லை என்று அவர் வற்புறுத்தினார். காலையிற் செய்ததற்கு மாலையில் அடித்த எனக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டுமோ? அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1951ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், நாய் சரியாகச் செய்த அந்தக் கணத்திலேயே ஒரு சிற்றொலியை எழுப்பி, உடனே உணவு கொடுத்துப் பழக்கும் முறையை எளிமையாக விளக்கினார்.

எனக்கு மிகவும் உதவியவர்கள் ஸ்கொற், புல்லர் என்னும் இருவர். அமெரிக்காவின் பார் ஹாபர் என்னும் ஊரிலுள்ள ஆய்வுகூடத்தில் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து நோக்கி, 1965ஆம் ஆண்டிற் பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். பிறந்த குட்டி தாய் நக்கிவிட்டாலன்றிக் கழிக்காது; அவள் தானே துப்புரவும் செய்கின்றாள். மூன்று வாரமானதும் குட்டி, தான் படுக்கும் இடத்தைவிட்டு விலகிப்போய்க் கழிக்கத் தொடங்குகின்றது. எட்டு ஒன்பது வாரமாகும்பொழுது தனக்கென ஓர் இடத்தைத் தெரிந்துகொள்கின்றது. அதாவது, துப்புரவு என்பது நாம் அதற்குக் கற்பிக்கும் புதுப்பாடம் அன்று. தாயிடமிருந்து கொண்டுவந்த பாடத்தை முற்றம் வரை நீட்டிக் கொடுப்பதே நம் வேலை. மூன்றாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலமே குட்டி மனிதரோடு உறவு கொள்ளும் பருவம் என்பதும் அவர்கள் கண்டது. அந்தப் பருவத்திலேதான் நாம் ஈர்க்குமாற்றைத் தூக்குகின்றோம்.

வீட்டில் முறையை மாற்றினோம். தூங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி முடிந்தவுடன் குட்டியைத் தூக்கிக்கொண்டு முருங்கையடிக்குப் போவது. அது கழிக்கும்வரை பேசாது நிற்பது. கழித்த அக்கணமே நல்ல வார்த்தை சொல்லி ஒரு துண்டு கருவாடு கொடுப்பது. உள்ளே தவறு நேர்ந்தால் வாளா துடைத்துவிட்டு, மணம் தங்காதபடி வினாகிரி கலந்த நீரினாற் கழுவுவது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது. பகலில் யாரேனும் ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும். மூன்று வாரங்களில் மேசையடியும் அரிசி மூட்டையடியும் உலர்ந்தன. அலுமாரியின் கீழ் ஒளியும் பழக்கம் நீங்க அதனினும் நெடுநாள் சென்றது.

நான் விரிவாகப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. சந்தையடியிலும் கோயில் வீதியிலும் பாடசாலை மதிலருகிலும் சாக்கில் வைத்து விடப்படும் குட்டிகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் பெண் குட்டிகள். பெருகிவிடும் என்னும் அச்சத்தால் விடப்படுவன பல. ஆசையோடு கொண்டுவந்து, வீடு நாறுகின்றது என்று இரண்டாம் வாரத்திற் கொண்டுபோய் விடப்படுவனவும் சில. முன்னவற்றுக்குக் கருத்தடை வைத்தியம் உண்டு. பின்னவற்றுக்கு வேண்டுவது மூன்று வாரப் பொறுமை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டபொழுது, இவ்வூரார் பலரைப் போல எங்கள் குடும்பமும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கையில் எடுத்ததோடு புறப்பட்டது. எங்கள் முற்றத்து நாய் படலைவரை வந்தது. நான் அப்பொழுது இளைஞன். திரும்பி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அது வாலை ஆட்டிற்று, முனகிற்று, படலையைத் தாண்டவில்லை. படலை திறந்தே கிடந்தது. குட்டியாயிருந்த காலத்தில் அந்த எல்லையைத் தாண்டும்போதெல்லாம் ஐயா பூவரசந் தடியால் அடித்துப் பழக்கியிருந்தார். பாடத்தை அது மறக்கவில்லை. பல மாதங்கள் கழித்து நாங்கள் திரும்பி வந்தபொழுது கொட்டிலிற் சாக்கு மட்டும் கிடந்தது. ஐயா அதைப் பற்றிப் பின்னர் ஒருபொழுதும் பேசியதில்லை.

இப்பொழுதுள்ள குட்டிக்கு எட்டு மாதமாகின்றது. மழை பெய்யும் இரவுகளில் என் கட்டிலருகே வந்து நின்று, ஓசைப்படாமல் என்னையே பார்க்கும். நான் குடையை எடுத்துக் கதவைத் திறந்தால், முருங்கையடிக்கு எனக்கு முன்னே நடக்கும்.