400 யென் வாத்தியார்

போன மாதம் ஒரு ராத்திரி. செலவுக் கணக்கியல் தேர்வுக்குப் படிக்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்திருந்தேன். அறைத்தோழன் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினான். தென் கொரியாவில் தனியார் பயிற்சி நிலையத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை. ஏதாவது ஒரு பட்டம் போதும். நல்ல சம்பளம், தங்க இலவச அறை, போக வர விமான டிக்கெட். உடனே இரண்டு பேரும் கால்குலேட்டரை எடுத்துவிட்டோம். வாடகை கிடையாது, சாப்பாட்டுக்கு இவ்வளவு, மிச்சத்தை ஊருக்கு அனுப்பினால் அவன் அக்கா கல்யாணக் கடன் இரண்டே வருடத்தில் அடைந்துவிடும்! அப்புறம்தான் கடைசி வரியைப் படித்தோம். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா, இந்த ஏழில் ஒரு நாட்டு பாஸ்போர்ட் வேண்டுமாம். அவன் ஒன்றும் பேசாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே பாடம், ஒரே வகுப்பு, ஆனால் ஆளின் நாட்டைப் பார்த்துச் சம்பளம் என்பது எவ்வளவு பழைய சங்கதி என்று தேடிக்கொண்டே போனதில் மெய்ஜி காலத்து ஜப்பானில் போய் மாட்டிக்கொண்டேன். இரண்டு ஆங்கில வாத்தியார்கள். இருவருமே பின்னால் பெரிய எழுத்தாளர்கள். ஒருவரை அனுப்பிவிட்டு அந்த இடத்தில்தான் மற்றவரை உட்காரவைத்தார்கள். இலக்கியத்தைத் தமிழ் இலக்கிய மாணவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் காமர்ஸ், எனக்குச் சம்பளக் கணக்குதான் வரும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1868க்குப் பிறகு ஜப்பான் அரசு ரயில், தந்தி, நாணயச்சாலை, மருத்துவம், மொழி என்று எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வெளிநாட்டு ஆட்களைக் கூலிக்கு அமர்த்தியது. 1870களின் தொடக்கத்தில் அங்கே அரசின் தலைமைப் பதவியில் இருந்த சஞ்ஜோ சனெதோமியின் சம்பளம் மாதம் 800 யென். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த இவகுரா தொமோமிக்கு 600 யென். டோக்கியோவில் அரசுப் பள்ளியை நடத்திய கீடோ வெர்பெக் என்ற வெளிநாட்டு ஆசிரியருக்கும் 600 யென்! மந்திரிக்கும் வாத்தியாருக்கும் ஒரே சம்பளம். (நம் ஊர் ஆசிரியர் சங்கங்கள் கவனிக்க.) அவ்வளவு தூரம் கப்பலேறி வருகிறவனை இழுக்க வேறு வழியில்லை என்பது அவர்கள் கணக்கு. சிலருக்கு வீடும் குதிரையும்கூடக் கொடுத்தார்கள்.

இப்போது நம் முதல் வாத்தியார், லாஃப்காடியோ ஹெர்ன். 1850ல் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். அம்மா கிரேக்கர், அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர். ஒரு கண் பார்வை கிடையாது. அமெரிக்காவில் பத்திரிகைக்காரராகக் காலம் தள்ளிவிட்டு 1890 ஏப்ரலில் யோகோஹாமாவில் வந்து இறங்கினார். எழுதத்தான் வந்தார். கையில் காசில்லாததால் வாத்தியார் ஆனார். (இந்த வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இன்றும் இப்படித்தான் போகிறார்கள் என்று நினைக்கிறேன்.) அந்த வருடமே மட்சுவே என்ற சின்ன ஊரில் நடுநிலைப் பள்ளி வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 100 யென். ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேரும் ஜப்பானிய ஆசிரியருக்கு அந்தப் பத்தாண்டில் 10 யென்கூட வராது. மட்சுவே மாதிரி ஊரில் 100 யென் என்றால் ராஜ வாழ்க்கைதான். சாமுராய் குடும்பத்தின் பழைய வீட்டில், தோட்டத்தோடு வாடகைக்கு இருந்தார். அந்த வீடு இன்றும் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கிறார்கள்.

ஆனால் வருமானம் என்று ஒரு பக்கம் இருந்தால் செலவு என்று ஒரு பக்கம் இருக்குமே. மட்சுவேயில் செட்சு என்ற பெண்ணை மணந்துகொண்டார். நொடித்துப்போன சாமுராய் குடும்பத்துப் பெண். பெண்ணோடு குடும்பமும் சேர்ந்து வந்தது. 1891ல் குமமோட்டோவில் அரசு உயர்பள்ளிக்கு மாறியபோது சம்பளம் இரட்டிப்பாகி 200 யென் ஆனது. ஒரு சம்பளத்தில் வீட்டோடு சாப்பிட்ட வாய்களும் பெருகின. வெளிநாட்டில் தனியாளாக மிச்சம் பிடிக்கும் கணக்கெல்லாம் குடும்பம் வந்ததும் மாறிவிடும் என்பதை துபாய், சிங்கப்பூர் போன மாமாக்கள் உள்ள யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் இரட்டிப்பானது யென்னில். டாலரில்? 1871ல் யென்னை உருவாக்கியபோது ஒரு யென் ஏறக்குறைய ஒரு டாலர். ஆனால் நடைமுறையில் யென் வெள்ளியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரியச் சரிய யென்னும் சரிந்தது. 1890ல் ஒரு யென் 80 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். 1894ல் 50 சென்ட் அளவு. அதாவது மட்சுவேயின் 100 யென் ஏறக்குறைய 80 டாலர், நான்கு வருடம் கழித்து குமமோட்டோவின் 200 யென் வெறும் 100 டாலர். நம் ரூபாயும் அப்போது வெள்ளிதான், அதே சரிவில் அதுவும் மாட்டியது. லண்டனுக்குப் பணம் அனுப்ப வேண்டிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு 1893ல் அதற்கென்று தனிப் படியே கொடுத்தார்கள். ஹெர்னுக்கு இதில் நஷ்டம் குறைவு, ஏனென்றால் அவர் செலவெல்லாம் யென்னில். அமெரிக்காவில் விற்ற அவர் புத்தகங்களுக்கு டாலரில் வந்த காசு யென்னாக மாறும்போது கொழுத்தது. 1897ல் ஜப்பான் தங்கத்துக்கு மாறியபோது இரண்டு யென் ஒரு டாலர், ஏறக்குறைய பத்து யென் ஒரு பவுன் என்று நிலைத்தது. இந்தப் பத்து யென்னை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1893ல் மகன் பிறந்தான். இப்போது சிக்கல். மனைவியை பிரிட்டிஷ் சட்டப்படி பதிவு செய்தால் அவள் ஜப்பானியக் குடியுரிமையை இழப்பாள். ஹெர்ன் ஜப்பானியக் குடிமகன் ஆனால் குடும்பம் பிழைக்கும், ஆனால் அவர் சம்பளம்? வெளிநாட்டவர் விகிதம் போய் ஜப்பானியர் விகிதம் வந்துவிட்டால் அத்தனை பேரையும் எப்படிக் காப்பாற்றுவது? இந்தக் கணக்கு அவரைப் பல நாள் தின்றது. கடைசியில் 1896ல் மனைவி குடும்பத்தின் பெயரை ஏற்று கொய்சுமி யகுமோ ஆனார். நல்லவேளை, அதே வருடம் டோக்கியோ பல்கலைக்கழகம் கூப்பிட்டது. ஆங்கில இலக்கியம், வாரம் 12 மணி நேரம், மாதம் 400 யென். குடிமகன் ஆன பிறகும் வெளிநாட்டவர் விகிதம்!

ஏழு வருடம் ஓடியது. 1903 தொடக்கத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்தது. மாணவர்கள் கொதித்துப்போனார்கள். நிர்வாகம் கொஞ்சம் இறங்கிவந்து, நேரத்தையும் சம்பளத்தையும் குறைத்து வைத்துக்கொள்கிறோம் என்றது. ஹெர்ன் மறுத்துவிட்டார். அவரது தோழி எலிசபெத் பிஸ்லண்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றின்படி அவருக்குச் சொன்ன காரணம், நீர் ஜப்பானியர், உமக்கு வெளிநாட்டவர் சம்பளம் கிடையாது என்பதுதான். எதற்குப் பயந்தாரோ அது ஏழு வருடம் தாமதமாக வந்து கதவைத் தட்டியது. அடுத்த வருடம் செப்டம்பரில் இறந்தும் போனார்.

அவர் இடத்துக்கு மூன்று பேரைப் போட்டார்கள். அதில் ஒருவர் நட்சுமே சோசெகி. இவர் கணக்கு நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் கல்விக் கடனோடு ஆரம்பிக்கிறது! 1893ல் படித்து முடித்ததும் வருடம் 450 யென் சம்பளத்தில் வேலை. அதில் மாதம் 7 யென் 50 சென் கடனுக்கு, 10 யென் அப்பாவுக்கு. 1895ல் மட்சுயாமா பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியர் இருந்த இடத்துக்குப் போனபோது 80 யென் கிடைத்தது. அங்கே தலைமை ஆசிரியருக்கே 60தான். வெளிநாட்டவர் நாற்காலியில் உட்கார்ந்ததால் அதன் வெதுவெதுப்பு கொஞ்சம் ஒட்டியது. (அந்த ஊர் அனுபவத்தை வைத்து அவர் 1906ல் எழுதிய 'போச்சான்' நாவலில் கதாநாயகனுக்கு 40 யென்தான் கொடுக்கிறார். வாத்தியார்களின் சம்பள உயர்வும் இடமாற்றமும்தான் அதில் பாதிக் கதை.) பிறகு குமமோட்டோவில் ஹெர்ன் வேலை பார்த்த அதே பள்ளி. ஹெர்னுக்கு 200 யென் கொடுத்த இடத்தில் இவருக்கு 100.

1900ல் அரசு அவரை ஆங்கிலம் படிக்க லண்டனுக்கு அனுப்பியது. வருடம் 1800 யென். ஜப்பானில் இருந்தால் அது பெரிய பணம். பத்து யென் ஒரு பவுன் அல்லவா? மாதம் 15 பவுன் ஆகிவிட்டது. கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் பார்த்தார், அங்கே படிக்கிற கனவான்களின் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று திரும்பிவிட்டார். விலை குறைந்த அறை தேடி விடுதி மாறிக்கொண்டே இருந்தார். புத்தகம் வாங்க சாப்பாட்டைக் குறைத்தார். ஊரில் மனைவி கியோகோவுக்கு வருடம் 300 யென், அதாவது மாதம் 25. கைக்குழந்தைகள் இரண்டு. இரண்டு ஊர்க் குடித்தனமும் ஓட்டாண்டியாகத்தான் நடந்தது. சோசெகி மனநிலை கெட்டு அறைக்குள்ளேயே அடைந்துகிடந்தார் என்று டோக்கியோவரை பேச்சு போனது.

இப்போது அரசின் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். லண்டன் படிப்பு இரண்டு வருடம், 3600 யென். குடும்பத்துக்கு 600. மொத்தம் 4200, கப்பல் செலவு தனி. ஹெர்னின் ஒரு வருடச் சம்பளம் 4800! ஒருவருக்குக் கொடுக்கும் ஒரு வருடச் சம்பளத்தைவிடக் குறைவான செலவில் அவருக்கு மாற்று ஆளைத் தயாரித்துவிட்டார்கள். இறக்குமதிக்குப் பதில் உள்நாட்டு உற்பத்தி என்று வகுப்பில் படிக்கிறோமே, அதேதான். முதலாளியாக இருந்தால் நானும் இதைத்தான் செய்திருப்பேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சரக்கு உள்நாட்டுச் சரக்கு ஆனதும் விலையைக் குறைத்துவிட்டார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஹெர்ன் இடத்துக்கு வந்த சோசெகிக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது வருடம் 800 யென், ஆறில் ஒரு பங்கு. இவருக்கு வாரம் 6 மணி நேரம்தான் என்பதால் மணிக் கணக்கில் பார்ப்பதே நியாயம். அப்படிப் பார்த்தாலும் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. போதாததற்கு இன்னொரு உயர்பள்ளியிலும் 700 யென்னுக்குப் பாடம் எடுத்தார். இரண்டும் சேர்த்து மாதம் 125 யென்.

மாணவர்களும் ஆரம்பத்தில் அவரை விடவில்லை. ஹெர்ன் சாரின் வகுப்பு கவிதை மாதிரி இருக்கும், இவர் என்ன உச்சரிப்பையும் இலக்கணத்தையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று முனகினார்கள். சம்பளம் குறைவு என்பது வகுப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கே தெரியப்போகிறது!

1907ல் அசாஹி பத்திரிகை தொடர்கதை எழுதக் கூப்பிட்டது. சோசெகி உடனே தலையாட்டவில்லை. சம்பளம் எவ்வளவு, போனஸ் உண்டா, வேலைக்கு என்ன உத்தரவாதம், ஓய்வூதியம் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பல்கலைக்கழகத்தை விட்டார். பேசி முடித்த தொகை மாதம் 200 யென். ஹெர்ன் வாங்கியதில் பாதி. ஆனால் அதற்குப் பிறகு அவர் யாருக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.