வைக்கோற்போர் முதல் திண்டுக்கல் வரை

திண்டுக்கல் நகருக்கு எத்திசையிலிருந்து வந்தாலும் முதலில் கண்ணிற்படுவது வானை நோக்கி நிற்கும் அந்த மொட்டைப் பாறையேயாகும். நாயக்கர் காலத்துக் கோட்டை அதன் உச்சியில் இருக்கிறது. ஹைதர் அலி அங்கே படை திரட்டினார். திப்பு சுல்தானிடமிருந்து 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆங்கிலக் கம்பெனியார் அதனைப் பெற்றுக்கொண்டனர். இவையெல்லாம் பாடநூல்களில் வருபவை. மாணவ நண்பர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாறையின் அடியில் விரிந்து கிடக்கும் ஊரிலும், மேற்கே பழனி வரை நீளும் சமவெளியிலும் வேறொரு வரலாறும் உண்டு. அதனை எழுதியவர் படைத்தலைவரல்லர். மழைக்கு ஒதுங்கிய ஐந்து கல்லூரி மாணவரிடமிருந்து அது தொடங்குகிறது.

கிறிஸ்தவ சமயம் இவ்வட்டாரத்திற்கு அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்பதை இங்கே மறவாமற் சொல்லிவிட வேண்டும். ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த கத்தோலிக்கத் துறவியர் நாயக்கர் நாடெங்கும் நடந்து திரிந்தனர். வீரமாமுனிவரின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இரார். நான் எடுத்துக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த மற்றொரு கிளையின் கதை. மாணவர் மாணவருக்குச் சொன்ன ஊக்கமொழியால் வளர்ந்த கிளை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி என்றொரு சிறு கல்லூரி. அந்நாளில் அங்கே பக்தியுள்ள மாணவரைப் பிற மாணவர் ஏளனம் செய்வது வழக்கமாயிருந்தது. ஆதலின் ஜெபிக்க விரும்பியவர்கள் விடுதியறையை விட்டு, வயல்வெளிக்கும் மரத்தோப்புக்கும் சென்றனர். 1806-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சாமுவேல் மில்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், பிரான்சிஸ் ராபின்ஸ், ஹார்வி லூமிஸ், பைரம் கிரீன் என்னும் ஐவர் கூடியிருந்தபோது இடியும் மின்னலுமாக மழை பிடித்துக்கொண்டது. அருகிலிருந்த வைக்கோற்போரின் மறைவில் அவர்கள் ஒதுங்கினர். பேச்சு ஆசியாவைப் பற்றித் திரும்பிற்று. கீழை நாடுகளுக்குத் திருப்பணியாளரை அனுப்ப வேண்டும் என்றார் மில்ஸ்.

ஐவரில் ஒருவர் இசையவில்லை. அந்நாடுகள் முதலில் நாகரிகம் பெறட்டும், இப்போது சென்றால் உயிரே போகும் என்று லூமிஸ் வாதாடினார். மற்ற நால்வரும் அவரைக் கூட்டத்திலிருந்து தள்ளிவிடவில்லை. அவரையும் வைத்துக்கொண்டே ஜெபித்தனர். இந்நிகழ்ச்சியைப் புகழ்ந்தெழுதுவோர் பலர் லூமிஸை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என் கருத்தில் அது நியாயமன்று. நண்பர் குழாத்தில் தயங்குபவர் ஒருவர் இருப்பதும், அவர் தம் தயக்கத்தை வாய்விட்டுச் சொல்ல இயலுவதுமே அக்குழாம் உண்மையானது என்பதற்கு அடையாளம். லூமிஸ் தம் நாட்டிலேயே மெயின் மாநிலத்துத் திருச்சபை ஒன்றில் குருவாக உழைத்தார். கிரீன் அரசியலில் புகுந்து அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராக விளங்கினார். ஐவரிலும் ஆசியாவிற்குத் திருப்பணியாளராக வந்து சேர்ந்தவர் ஒருவரே. அவர் ரிச்சர்ட்ஸ்.

வந்து சேர்ந்ததும் எளிதாகவன்று. 1808-இல் இம்மாணவர்கள் 'சகோதரர்' என்றொரு சங்கம் அமைத்தனர். பிறர் நகையாடுவர் என்று அஞ்சி அதன் விதிகளைச் சங்கேத எழுத்தில் எழுதி மறைத்து வைத்தனர். பின்னர் ஆண்டோவர் இறையியற் பள்ளியில் சேர்ந்து, 1810-இல் தம் ஊர்த் திருச்சபைத் தலைவர்களிடம் விண்ணப்பம் ஒன்று கொண்டுபோயினர். ஆறு பேர் ஆயத்தமாக இருந்தனர். ஆறு பேரென்றால் சபையார் செலவுக்கஞ்சித் திகைத்துப்போவர் என்று பெரியவர்கள் கருதியதால் இரண்டு பெயர்கள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட இருவரில் ஒருவர் ரிச்சர்ட்ஸ். நான்கு ஆண்டுகளாக அந்த ஒரே எண்ணத்தை நெஞ்சில் வைத்திருந்தவருடைய பெயர் கடைசி நேரத்தில் தாளிலிருந்து எடுக்கப்பட்டது! அவர் முகஞ்சுளித்துத் திரும்பிப் போய்விடவில்லை. மருத்துவமும் கற்றுக்கொண்டு தம் முறைக்காகக் காத்திருந்தார்.

அவ்விண்ணப்பத்தின் பயனாகப் பிறந்ததே அமெரிக்க அயல்நாட்டு மிஷன் சங்கம். 1812-இல் அது அனுப்பிய முதற்குழுவினரைக் கம்பெனி அரசு கல்கத்தாவில் தங்கவிடவில்லை. 1813-இல் கம்பெனியின் பட்டயம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் திருத்தப்பட்டது. மிஷனரிமார் வருவதற்கு வழி பிறந்தது. 1815-இல் கப்பலேறிய அடுத்த குழுவில் ரிச்சர்ட்ஸும் இருந்தார். டேனியல் பூவர் என்ற அறிஞரும் இருந்தார். 1816 மார்ச்சில் கொழும்பு வந்து, அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணம் சென்று, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தங்கினர். ரிச்சர்ட்ஸுக்கு உடல் நலம் வாய்க்கவில்லை. நோயாளராகவே பல காலம் கழித்து, 1822 ஆகஸ்டில் தெல்லிப்பழையில் இறந்தார். வைக்கோற்போரின் கீழ்த் தொடங்கிய பயணம், ஒருவரளவில், யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் முடிந்தது.

ஆயினும் அவருடன் வந்தவர்கள் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றை நிறுவினர். பூவர் அதன் தலைவர். தமிழிலக்கியம், ஆங்கிலம், கணிதம், வானநூல் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியென்று நாம் போற்றும் சி. வை. தாமோதரம் பிள்ளை அங்கே பயின்றவர் என்றால் அதன் தரம் விளங்கும். உதவிப்பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்களை அங்கே மாணவருக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. படிப்பைக் கொடுத்த கை, தாய் தந்தையர் வைத்த பெயரை எடுத்துக்கொண்டது. உதவியைப் பாராட்டும்போதே இக்குறையையும் வரலாறு குறித்து வைக்கத்தான் வேண்டும்.

இனிக் கடலைத் தாண்டுவோம். யாழ்ப்பாணத்துக் குழுவினர் பாண்டி நாட்டின்மேல் கண் வைத்தனர். 1834 தொடக்கத்தில் ஸ்பால்டிங் என்பார் மதுரைக்கு வந்து பார்த்துச் சென்றார். அவ்வாண்டு ஜூலையில் ஹாய்சிங்டன், டாட் என்னும் இருவர் வந்து மதுரையில் குடியேறினர். நூல்களில் 'அமெரிக்க மதுரை மிஷன்' தொடங்கியவர் என்று இவ்விருவரின் பெயர்களே முன்னிற்கின்றன. ஆனால் அவர்களுடன் யாழ்ப்பாணத்துத் தமிழ் இளைஞர் மூவர் உதவியாளராக வந்தனர். சற்று எண்ணிப் பாருங்கள். புதிதாய் வந்த அமெரிக்கர் தெருவிலே நின்று பேசினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். பேச்சு ஊராருக்கு விளங்க வேண்டுமானால் தமிழ் நாவு வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து கேள்விக்கு விடை சொல்ல ஆள் வேண்டும். பள்ளி நடத்த வாத்தியார் வேண்டும். கடல் கடந்து, உற்றார் உறவினரை விட்டு வந்த இவ்விளைஞர்களையும் மிஷனைத் தொடங்கியவர்கள் என்றே நான் சொல்வேன்.

அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே திண்டுக்கல்லும் அந்த மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. பள்ளிகள் தோன்றின. 1859-இல் இந்தியாவுக்கு வந்த எட்வர்ட் செஸ்டர், திண்டுக்கல்லைத் தம் ஊராகவே ஆக்கிக்கொண்டு, குருத்துவத்தோடு மருத்துவமும் நடத்தி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே உழைத்தார். வாந்திபேதி கிராமம் கிராமமாக மக்களை வாரிக்கொண்டு போன காலம் அது. மருந்துக்கு வந்தவர்களே அவரிடம் அதிகம்.

மாணவர் கதைக்கு வருவோம். 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கி, 1845-இல் பசுமலைக்கு மாறிய செமினரியில், மிஷனின் பல நிலையங்களிலிருந்து பிள்ளைகள் வந்து படித்தனர். வில்லியம் டிரேசி அதன் தலைவராக இருந்தார். அங்கேதான் 1847-இல் கடுமையான சோதனை ஒன்று வந்தது. சாதி வேற்றுமையைக் கைவிட்டவர்களே சபையிலும் ஊழியத்திலும் இருக்கலாம் என்று மிஷன் முடிவு செய்தது. கைவிட்டதற்கு அடையாளமாகப் பிற சாதியார் சமைத்த உணவை எல்லாருடனும் அமர்ந்து உண்ண வேண்டும் என்றது. ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே வேதத்தை ஓதி, ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைத்துக்கொண்டவர்களே சோற்றுக்கு முன்னால் பிரிந்தனர். உபதேசியார் பலர் விலகினர். மாணவரும் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயினர்.

போனவரை மட்டும் பழிப்பது எளிது. பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் அந்த இலைக்கு முன் உட்கார்ந்து உண்டுவிட்டால், வீட்டில் தாய் அவனுக்கு மறுபடி சோறு போட மாட்டாள். ஊர்க் கிணற்றில் நீர் கிடையாது. பெண் கொடுப்பார் இல்லை. அன்னியர் ஆணையிட்டுத் தேர்வு வைத்த முறையும் குறையில்லாததன்று. ஆனால் தங்கியவர்களை நினைக்க வேண்டும். அவர்களுக்கு அந்நேரத்தில் துணை நின்றவர் யார்? பெற்றோரா? சுற்றத்தாரா? பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மற்றொரு மாணவனே. அவன் கை சோற்றை எடுத்ததைப் பார்த்து இவன் கையும் எடுத்திருக்கும். கடவுளை நம்பு என்று ஒருவருக்கொருவர் சொல்வது, வில்லியம்ஸ் கல்லூரியில் மழைக்கால மாலைப் பேச்சாக இருந்தது. பசுமலையில் அதற்கு வீட்டையும் ஊரையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே வென்றவர்களுக்கு நினைவுத்தூண் இல்லை. வைக்கோற்போர் இருந்த இடத்துக்கோ 1867-இல் சலவைக்கல்லில் தூண் எழுந்தது!

நூற்றாண்டின் இறுதியில் இக்கதை மற்றொரு வட்டமிட்டது. ஆண்டோவரில் 'சகோதரர்' சங்கத்தில் இருந்த ராயல் வைல்டர் என்பவர் மகாராஷ்டிரத்தில் மிஷனரியாக இருந்தவர். கோலாப்பூரில் பிறந்த அவருடைய மகன் ராபர்ட், 1886-இல் மவுண்ட் ஹெர்மன் என்னுமிடத்தில் கூடிய மாணவர் மாநாட்டில், அயல்நாட்டுத் திருப்பணிக்கு ஒரு நூறு மாணவரைச் சேர்த்தார். மாணவர் தொண்டர் இயக்கம் அவ்வாறு எழுந்தது. அவ்வியக்கத்தின் வழியே ஷெர்வுட் எடி என்னும் இளைஞர் 1896-இல் இந்தியாவுக்கு வந்து, தமிழ் கற்று, நம் மாணவரிடையே பணியாற்றினார். அவருக்கு வாய்த்த தோழர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, நோயினால் பட்டத்தேர்வை முடிக்காமலே வாலிபர் கிறிஸ்தவ சங்கப் பணியில் சேர்ந்தவர்.

அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே கண்டது அவரைச் சிந்திக்க வைத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவரும் இளைஞரும் தாமே சங்கம் அமைத்து, தம் காசைச் சேர்த்து, கடலுக்கிப்பால் இராமநாதபுரத்துத் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருந்தனர். வெளிநாட்டுப் பணத்தையும் வெள்ளையர் தலைமையையும் எதிர்பாராமல் தமிழரே செய்த பணி! திருநெல்வேலியார் ஏன் செய்யக்கூடாது? அடுத்த ஆண்டே, 1903-இல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றிற்று. 1905 டிசம்பர் 25-ஆம் நாள் சேராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்தது. சேலத்தைச் சேர்ந்த கே. டி. பால் அதில் அசரியாவுக்குத் தோள்கொடுத்தவர். அசரியா தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தாமே ஊழியராகச் சென்று, 1912-இல் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. இடையில் 1910-இல் எடின்பரோ மாநாட்டில் எழுந்து, மேல்நாட்டார் பொருளும் உயிரும் தந்ததற்கு நன்றி கூறி, எங்களுக்கு நண்பர்களாகவும் இருங்கள் என்று கேட்டார். அவையிற் பலருக்கு அது கசந்தது. எடியோடு பழகி நட்பு இன்னதென்று அறிந்திருந்தவர் கேட்ட கேள்வி அது.

திண்டுக்கல் சமவெளிக்கே மீண்டும் வந்துவிடுவோம். பழனி சாலையில் மேற்கே சென்றால் ஒட்டன்சத்திரம். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். 1955-இல் டாக்டர் ஏ. கே. தாரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும், தம்மைப் போன்ற எண்ணமுடைய சில நண்பர்களுமாகச் சேர்ந்து அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினர். பட்டணத்தில் வருவாய் தேடியிருக்கக் கூடியவர்கள் வறண்ட பூமியைத் தேடி வந்தனர். பின்னாளில் செரியன் அருகிலுள்ள அம்பிளிக்கையில் மற்றொரு மருத்துவமனையை வளர்த்தார். ஒட்டன்சத்திரத்து மருத்துவமனைக்கு அவர்கள் தலைவர் பெயரையோ கொடையாளர் பெயரையோ வைக்கவில்லை. கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மருத்துவமனை என்றே பெயரிட்டனர். ஃபெலோஷிப் என்றால் தோழமை, ஐக்கியம். சந்தைக்கு மூட்டையோடு வரும் குடியானவர்கள் காய்ச்சலோடு வரும் பிள்ளையையும் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போகிறார்கள்.