செலினியம்

கிரேக்கத்தில் நிலவைக் குறிக்கும் ‘செலேனே’ என்னும் சொல்லிலிருந்து, 1817இல் பெர்சீலியஸ் கண்டறிந்த தனிமத்துக்கு அமைந்த இப்பெயர், செம்பை மின்னாற்பகுத்துத் தூய்மையாக்கும்போது அடியில் படியும் கசடிலிருந்தே அத்தனிமம் பெரிதும் பெறப்படுவதால், காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தாருக்கு (ஊர்வழக்கில் ‘சிக்ரி’) புதிதன்று. இணையப் பயன்பாடுகளை உலாவியில் தானாகவே இயக்கிச் சோதிக்க ஜேசன் ஹக்கின்ஸ் 2004இல் தொடங்கிய சட்டகம், அதாவது சோதனை நிரல்களைத் தாங்கும் அடிக்கட்டுமானம், இப்பெயரைப் பெற்றது குறும்பினால்: போட்டி நிறுவனத்தின் பெயரான மெர்க்குரி பாதரசத்தைச் சுட்ட, பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று என்பது அவர் பகடி, மருத்துவமாகக் கொள்ளாதவரை அது நல்ல பகடியே. சோதனை நிரல் வேறு தளத்துக்குத் தாவுகையில் உலாவியின் பாதுகாப்பு விதி மறித்த பழைய இடர்ப்பாடு, உலாவியை வெளியிலிருந்து செலுத்தும் வெப்டிரைவரை இணைத்து 2011இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் நீங்கியது.