தகரப் பேணியில் பிறந்த ஹோவர்கிராப்ட்

காற்று மெத்தைமேல் மிதந்து தரையிலும் நீரிலும் ஓடும் ஊர்தி ஹோவர்கிராப்ட். 1955இல் பிரித்தானியப் பொறியியலாளர் கிறிஸ்டோபர் கொக்கரெல் இரண்டு தகரப் பேணிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, இடைவெளியூடாகக் காற்றை ஊதி, அதன் அழுத்தத்தைச் சமையலறைத் தராசில் அளந்தார். 1959 யூலை 25இல் அவரது எஸ்.ஆர்.என்.1 ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலில் விளக்கெரித்து, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட அளவெட்டி முதலான யாழ்ப்பாணத்து ஊர்களுக்கு இத்தகைய கைவேலை புதிதல்ல. பிள்ளைகளோடு சிறிய ஹோவர்கிராப்ட் ஒன்றை நீங்களும் செய்யலாம். பழைய இறுவட்டின் நடுத்துளைமேல், துளையிட்ட போத்தல் மூடியைக் காற்றுக் கசியாமல் ஒட்டுங்கள். ஊதிய பலூனை மூடியில் மாட்டி, வழுவழுப்பான மேசையில் விடுங்கள். அடியால் வெளியேறும் காற்று இறுவட்டைச் சற்றே தூக்கும். மெல்லத் தட்டினால் வழுக்கி ஓடும். தடைக்காலக் கதைகளை அம்மம்மா சொல்ல அதுவே நல்ல நேரம்.