1411 புலிகளும் ஏர்செல் டவரும்



போன ஞாயிற்றுக்கிழமை பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது என் பழைய பாடக்குறிப்பு நோட்டு ஒன்று கிடைத்தது. 2010-ஆம் வருடத்தது. அதன் உள்ளட்டையில் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு புலிக்குட்டி. பக்கத்தில் 1411 என்று பெரிய எழுத்தில். எட்டாம் வகுப்பில் ஒருவன் ஒட்டிக் கொடுத்தது. யார் என்று எனக்குத் தெரியும். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். அன்று அவன் கேட்டான்: "சார், நம்ம மேகமலையில இருக்கிற புலியையும் சேர்த்தா இந்தக் கணக்கு?"

சரித்திர வாத்தியாருக்கு ஒரு நம்பர் கிடைத்தால் சும்மா இருப்பானா? அந்த விளம்பரத்தைக் கொடுத்த கம்பெனியின் கதையை இன்றைக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜெயமங்கலத்தில் போன் என்றால் ஒரு காலத்தில் இரண்டு மூன்று பெரிய வீடுகளிலும் போஸ்ட் ஆபீசிலும்தான். பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. கண்ணாடிக் கதவுக்குள் நின்று, மீட்டரில் சிவப்பு எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசியது நினைவிருக்கிறதா? இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. பேசியவர் ஜோதிபாசு, கேட்டவர் மத்திய மந்திரி சுக்ராம். அப்போது நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரை. வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல்தான் இன்கமிங் இலவசமானது. கொடிக்கால் வேலை முடித்து வரும் ஆள் கையிலும் செல்போன் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஏர்செல் 1999-ல் தமிழ்நாட்டு வட்டத்தில் தொடங்கியது. சி.சிவசங்கரன் என்ற தமிழர் ஆரம்பித்த கம்பெனி. சென்னை அப்போது தனி வட்டம், அதனால் இவர்கள் முதலில் பிடித்தது நம்மைப் போன்ற வெளியூர்களைத்தான். பெரிய கம்பெனிகள் நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் சின்ன ஊர்ப் பெட்டிக்கடையில் டாப்-அப் விற்றார்கள். அந்தப் புண்ணியத்தை மறுக்கக்கூடாது. மலையடிவாரத் தோட்டத்தில் இருப்பவர் அன்றைய விலையை வடுகபட்டிப் பூண்டு மார்க்கெட்டில் கேட்டுக்கொள்ள முடிந்தது என்றால் அது சின்ன விஷயமா? நம் ஊரில் இன்றும் யாரும் சிக்னல் என்று சொல்வதில்லை, "டவர் இல்ல" என்றுதான் சொல்கிறோம். கண்ணுக்குத் தெரிந்தது அந்த இரும்புதானே!

2006-ல் மலேசியாவின் மேக்சிஸ் கம்பெனி 74 சதவீதப் பங்கை வாங்கியது. அது கோர்ட் வரை போன தனிக் கதை, இங்கே வேண்டாம். நம் கதைக்கு முக்கியமான வருடம் 2010.

அந்த ஒரு வருடத்தில் மூன்று காரியம் நடந்தது. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த புலி. உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளையோடு சேர்ந்து "புலிகளைக் காப்போம்" என்று ஏர்செல் இயக்கம் நடத்தியது. தோனி பேசினார். அமிதாப் பச்சனை வைத்து டிவியில் பல மணி நேர நிகழ்ச்சி நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் வாயிலும் 1411. இரண்டாவது, தன்னிடமிருந்த சுமார் 17,500 டவர்களை ஜி.டி.எல். இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்ற கம்பெனிக்கு 8,400 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் போட்டது. மூன்றாவது, அலைக்கற்றை ஏலத்தில் 13 வட்டங்களுக்கு 3ஜி, எட்டு வட்டங்களுக்கு பிராட்பேண்ட் அலைக்கற்றை என்று சுமார் 9,900 கோடிக்கு எடுத்தது.

சொந்த வீட்டை விற்று, அதே வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, அந்தப் பணத்துக்கு மேலும் கடன் வாங்கி ஊரெல்லாம் நிலம் வாங்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். அன்றைக்கு இது எனக்கும் புரியவில்லை. நானும் வகுப்பில் புலியைப் பற்றித்தான் பேசினேன்.

அந்த 1411-க்கும் ஒரு குறிப்பு. அது தலையை எண்ணி வந்த எண் அல்ல. 2006-ல் எடுத்து 2008-ல் வெளியிட்ட மதிப்பீடு. 1,165-லிருந்து 1,657 வரை இருக்கலாம் என்பதன் நடு எண். சுந்தரவனக் காடுகள் அதில் சேரவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் 1,706 என்று வந்தது. விளம்பரத்துக்கு நடு எண்தான் வசதி. ஆனாலும் சொல்கிறேன், அந்த விளம்பரம் பிள்ளைகளைக் காட்டைப் பற்றிக் கேள்வி கேட்க வைத்தது. அது பொய்யில்லை.

காடு இருக்கட்டும், டவருக்குக் கீழே என்ன நடந்தது? 2012 வாக்கில் நம் ஊரில் எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லை என்று உங்களுக்கே தெரியும், பரீட்சைக்கு மெழுகுவர்த்தியில் படித்தவர்கள் நீங்கள். கரண்ட் போனால் டவர் டீசலில் ஓடும். நான் பாடம் எடுத்த வகுப்புக்குப் பின்னால் ஒரு டவர் ஜெனரேட்டர் இருந்தது. எந்தக் கம்பெனி என்று வேண்டாம். பானிபட் யுத்தத்தை அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் நடத்தினேன். அதே 2012 ஜனவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. 2015-க்குள் கிராமப்புற டவர்களில் பாதியும், 2020-க்குள் முக்கால்வாசியும் சூரிய சக்தி போன்ற மாற்று மின்சாரத்தையும் சேர்த்து ஓட வேண்டும் என்று. எல்லாக் கம்பெனிக்கும் பொருந்திய இந்த உத்தரவுக்கு டிவி நிகழ்ச்சியும் இல்லை, தோனியும் இல்லை. என் ஜெனரேட்டர் நான் ஓய்வு பெறும்வரை கூடவே இருந்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேச்சு இலவசம், டேட்டா ஏறக்குறைய இலவசம். ஏர்செல், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணைவதாக இருந்தது, 2017 அக்டோபரில் அதுவும் முறிந்தது. 2018 ஜனவரி கடைசியில் குஜராத், மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஆறு வட்டங்களில் கடையைச் சாத்தினார்கள். நம்மை விடமாட்டார்கள், இது அவர்கள் பிறந்த மண் என்று பலரும் நினைத்தோம்.

பிப்ரவரி 21. தமிழ்நாடு முழுக்க ஏர்செல் டவர் விழுந்தது. காரணம் பாக்கி. விற்ற டவருக்கு வாடகை கட்டவில்லை என்றால் டவர்காரர் நிறுத்தத்தானே செய்வார்? 2010-ன் கணக்கு எட்டு வருடம் கழித்து வாசலுக்கு வந்தது.

இதில் கொடுமை ஒன்று உண்டு. வேறு கம்பெனிக்கு அதே நம்பரோடு மாறலாம் என்ற வசதி 2011-லேயே வந்துவிட்டது. அதற்கு அந்த நம்பரிலிருந்தே 1900-க்கு மெசேஜ் அனுப்பி, அதே நம்பருக்கு வரும் குறியீட்டை எடுக்க வேண்டும். டவரே இல்லாத போனிலிருந்து எப்படி அனுப்புவது? வெளியே போகும் கதவின் சாவி வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது. ஊருக்கு ஊர் அலுவலகங்கள் முன்னால் கூட்டம். அதே சமயம் ஆதாரோடு போன் நம்பரை இணைக்க மார்ச் 31 கெடு. வங்கி, கேஸ், பிள்ளையின் ஸ்காலர்ஷிப் எல்லாம் அந்தப் பத்து எண்ணில் கிடந்தன. வெற்றிலை வியாபாரிக்கு அந்த நம்பர்தான் கடைப் பெயர்ப்பலகை. மாறியவர்களுக்கும் பழைய சிம்மில் இருந்த பாக்கிப் பணம் கூட வராது, விதி அப்படி. டிராய் தலையிட்டு மாறும் குறியீட்டின் ஆயுளை நீட்டியது. பிப்ரவரி 28-ல் கம்பெனி திவால் மனு போட்டது. நாடு முழுக்க எட்டுக் கோடி வாடிக்கையாளர்கள்.

2014 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நட்டத்தில் ஓடுகிறவருக்கு அந்தக் கணக்கே எழாது. மரம் நடுவது, புலி காப்பது, பள்ளிக்கு நாற்காலி கொடுப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கடையை மூடுவதற்கு முன் வாடிக்கையாளரைப் பத்திரமாக வெளியே விடுவது எந்தப் பட்டியலிலும் இல்லை. என்னைக் கேட்டால் ஒரு போன் கம்பெனியின் முதல் சமூகப் பணி அதுதான், இரண்டாவது தன் டீசல் புகை. புலி மூன்றாவதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஐந்தாவது. நம் வைகை பிறக்கும் காடும் அதில்தான் வருகிறது. அந்தச் செய்தியைப் படித்ததும் எட்டாம் வகுப்புக்காரனுக்குப் போன் போட்டேன். "ஆமாம்டா, மேகமலையும் கணக்குல சேர்ந்தாச்சு" என்றேன். அவனுக்கு அந்தக் கேள்வி ஞாபகமே இல்லை. "சார், உங்க பழைய ஏர்செல் நம்பர்தான் இன்னும் என் போன்ல இருக்கு" என்றான். இருக்கத்தான் செய்யும், நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குத் தப்பி வந்துவிட்டேனே!

உங்களில் யாரிடமாவது அந்தக் காலத்து சிம் அட்டையோ டாப்-அப் கார்டோ கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். நோட்டில் புலிக்குட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.