ரவுட்டரோட நின்ற ஊர்

எங்கட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில். பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் சம்மாந்துறையில். பாண்டிருப்பிலிருந்து பஸ் ஏறும்போது நாங்கள் யோசிப்பது: இந்த இரண்டையும் ஒரே ‘உள்ளூர்’ வலையாக்க ஏலுமா? கலைப்பீடத்துக்காரருக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்காதீங்க. எல்லைகளின் கதை எங்கட பாடம்தான்.

1980களில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் டேவிட் சின்கோஸ்கி ஈதர்நெட் சுவிட்சுகளைக் கோர்த்துப் பெரிய வலை கட்டப் பார்த்தார். அங்கே பிறந்ததுதான் வீலான். தரவுப் பொதியில் ஒரு இலக்கத்தை ஒட்டினால், ஒரே வயரில் பல வலைகள் ஒன்றையொன்று காணாமல் ஓடும். 1998இல் அது 802.1கியூ என்ற தரமானது. இலக்கத்துக்கு 12 பிட், பாவிக்கக்கூடியவை 4094. ஆனால் ரவுட்டரைத் தாண்டினால் இலக்கம் கழன்றுவிடும். நம்ம ஒழுங்கையில் போடும் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்காதே, அப்படி.

தாண்டும் வழிகளில் ஒன்று வீஎக்ஸ்லான், 2014இல் ஆவணமானது. கடிதத்தை உறையோடு இன்னொரு உறைக்குள் போட்டு, மேலே தூரத்து ரவுட்டரின் விலாசத்தை எழுதுவது மாதிரி. நடுவிலுள்ள ரவுட்டர்கள் வெளியுறையை மட்டும் வாசிக்கும். இலக்கத்துக்கு 24 பிட். 1 கோடி 60 இலட்சத்துக்கும் மேல்.

2020 முடக்கத்தில், லேர்ன் வலையூடாக நடந்த பல்கலைக்கழக வகுப்புகளுக்கு டேட்டாக் காசு அறவிடப்படவில்லை. சீனியர்மாரின் வீட்டு விறாந்தையும் கம்பஸுக்குள் வந்தது. அதற்கு உறைக்குள் உறை தேவைப்படவில்லை. காசு எடுப்பதில்லை என்ற முடிவே போதுமாயிருந்தது. நாங்கள் இப்போ ரீலோட் போட்டுத்தான் பாடக்குறிப்பு இறக்குகிறோம்.