சைரனுக்கு வழி பிறந்த கதை

கொடைக்கானல் என்ற ஊர் பிறந்ததே நோய்க்குப் பயந்துதான். மதுரைப் பக்கம் வேலை செய்த அமெரிக்க மிஷன்காரர்களைக் காலராவும் காய்ச்சலும் அடுத்தடுத்துக் கொண்டுபோயின. உயிர் தப்ப இடம் தேடியவர்கள் 1845-இல் மலைமேல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். பெரியகுளம் பக்கமிருந்து காட்டுப்பாதையில் ஏறவேண்டும். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்தார்கள். அன்று நோயாளி மலை ஏறினார். இன்று அதே மலையிலிருந்து நெஞ்சுவலிக்காரரையும், தலையில் அடிபட்டவரையும், பிரசவம் சிக்கலான பெண்ணையும் தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறக்குகிறோம். மலைமேல் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பெரிய சிகிச்சை என்றால் கீழேதான்.

சுமக்கும் வேலை மட்டும் மாறவில்லை. வெள்ளகவி போன்ற மலையூர்களில் நெடுங்காலம் டோலிதான் ஆம்புலன்ஸ். ஒரு கழி, ஒரு போர்வை, தோள் மாற்ற நாலு பேர். டோலி தூக்குகிறவர் ஓடமாட்டார். ஓடினால் உள்ளே கிடப்பவர் குலுங்குவார், ஒருவர் கால் தவறினால் எல்லோரும் சரிவார்கள். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் ஓட்டுவது எப்படி என்று யாராவது கேட்டால், முதல் பாடத்தை இவர்களிடமிருந்தே தொடங்குவேன்.

வண்டி ஏறும் காட் ரோடு 1914-இல் முடிந்து 1916-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் அந்தப் பாதையை லாஸ் காட் என்பார்கள். டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, செண்பகனூர் என்று வளைந்து வளைந்து கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்துக்குப் போகும். பாதை வந்துவிட்டது. ஆனால் கூப்பிட்டால் வரும் வண்டி வர இன்னும் தொண்ணூறு ஆண்டு ஆயிற்று. அதற்கான முயற்சி ஒன்று இந்த மலையடிவாரத்திலேயே நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 108 ஆம்புலன்ஸ் சேவை வருவதற்கு முன்பே, பிரசவத்தில் சாகும் தாய்மாரைக் காப்பாற்றத் தேனி மாவட்டத்தில் ஒரு அவசர ஆம்புலன்ஸ் திட்டம் ஓடியது. வண்டி அரசு கொடுத்தது. ஓட்டுநரை வேலைக்கு எடுத்துப் பழக்கி, வண்டியைப் பராமரித்து, ஊர் ஊராகப் போன் நம்பரைச் சொல்லிக்கொடுத்தது சேவா நிலையம் என்ற தொண்டு நிறுவனம்.

2005 ஆகஸ்ட் 15-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய 108 சேவை, 2008 செப்டம்பர் 15-இல், அண்ணா பிறந்த நாளன்று, தமிழ்நாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பேர். பின்னால் நோயாளியோடு இருப்பவர் இ.எம்.டி. எனப்படும் மருத்துவ உதவியாளர். ஓட்டுகிறவரைப் பைலட் என்பார்கள். நோயாளியின் சொந்தக்காரர்களுக்கு அவர் அண்ணன். "வேகமாப் போங்கண்ணே" என்ற குரல் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குரலில் இருக்கும் தவிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குக் கட்டுப்பட்டு ஓட்டினால் வண்டி பள்ளத்தில்.

சட்டம் இந்தப் பைலட்டிடம் நேராகப் பேச ரொம்பக் காலம் எடுத்துக்கொண்டது. 1989-இல் வந்த சாலை விதிகளில், தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ வந்தால் ஓரம் கட்டி வழிவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அது பேசியது சாலையில் போகும் மற்றவர்களிடம். ஓட்டுகிறவருக்கு என்ன உரிமை, அதற்கு எல்லை எது என்று சொன்னது 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை. உயிர் காக்கும் அவசரத்தில் ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம், சாலையோரத்து மண்ணில் இறங்கலாம், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போகலாம். ஆனால் சைரனும் சுழல்விளக்கும் போட்டிருக்க வேண்டும், உண்மையிலேயே அவசரமாக இருக்க வேண்டும், உரிய கவனத்தோடும் பொறுப்போடும் செய்ய வேண்டும். நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதே 2017-இல், மே 1 முதல், அமைச்சர்கள், அதிகாரிகளின் வண்டிகளிலிருந்து சுழல்விளக்கு கழற்றப்பட்டது. அதுவரை அதற்கு இடம் கொடுத்திருந்த மத்திய மோட்டார் வாகன விதியின் எண்ணும் 108தான். பதவிக்காக மின்னிய விளக்கு உயிருக்காக மட்டும் மின்னுவது என்று ஆனதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 194-இ என்ற பிரிவைச் சேர்த்தது. அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபக்கம், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரின் கவனக்குறைவால் ஒருவர் செத்தால் ஓட்டியவருக்கென்று தனி மன்னிப்பு இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அது இரண்டு ஆண்டாக இருந்தது.

இந்தச் சலுகைகளைத் தூக்கிக்கொண்டு காட் ரோட்டுக்கு வாருங்கள். தாண்டுவதற்குச் சிவப்பு விளக்கே இல்லை. இறங்குவதற்குச் சாலையோரம் இல்லை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மீறுவதற்கு மிஞ்சியது வேகம் ஒன்றுதான். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் கூட்டிய வேகம், அடுத்த வளைவில் பிரேக்கில் கரைந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். வேகமாக இறங்கிப் பிரேக்கையே அழுத்திக்கொண்டிருந்தால் அது சூடேறிக் கருகும் வாடை வரும். அதற்குப்பின் மிதித்தாலும் பிடிக்காது.

பின்னால் நடப்பதையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் தலை பைலட் பக்கம் இருக்கும். வண்டி இறங்கும்போது தலை தாழ்ந்து கால் உயரும். தலையில் அடிபட்டவருக்கும் மூச்சுத் திணறுபவருக்கும் அது கெடுதல். டோலியில் தலைப்பக்கத்தை மேட்டுப்பக்கமாகத் திருப்பிக்கொள்ளலாம். வேனில் ஸ்ட்ரெச்சரின் தலைப்பகுதியைத் தூக்கிவைப்பதுதான் வழி. வளைவில் வண்டி வீசித் திரும்பினால் இ.எம்.டி.யால் நிற்க முடியாது, ஊசி குத்த முடியாது, நெஞ்சை அமுக்கி உயிரூட்டவும் முடியாது. வேகமாகப் போய் மிச்சம் பிடித்த நிமிடத்தில் உள்ளே ஒரு சிகிச்சையும் நடந்திருக்காது.

மிச்சம் எவ்வளவு என்றும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1995-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வட கரோலினாவின் கிரீன்வில் நகரத்தில் சைரனோடு போன ஆம்புலன்ஸும், அதே வழியில் சைரன் இல்லாமல் போன வண்டியும் ஒப்பிடப்பட்டன. சராசரி வித்தியாசம் 43.5 வினாடி. அது சமதளத்துச் சின்ன நகரம். நெரிசல் மிகுந்த சென்னைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் சைரன் போட்டாலே நேரம் பாதியாகிவிடும் என்ற நம்பிக்கையை அது உடைத்துவிட்டது.

மலையில் சைரனுக்கு இன்னொரு சிக்கல். வளைவு திரும்பியதும் பாறை சத்தத்தை மறைத்துவிடும், மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்றே தெரியாது. பனிமூட்டத்தில் விளக்கும் தெரியாது. ராத்திரி என்றால் நடுரோட்டில் காட்டெருமை நிற்கும், அதற்கு எந்தச் சட்டமும் தெரியாது. இதோடு இரண்டு விதிகள் ஒரே வளைவில் மோதும். குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது பொதுவிதி. ஆம்புலன்ஸுக்கு எல்லோரும் வழிவிட வேண்டும் என்பது சிறப்புவிதி. கொண்டை ஊசி வளைவில் ஆள் நிறைந்த பஸ் ஏறிவர, நோயாளியோடு ஆம்புலன்ஸ் இறங்கிவந்தால்? சட்டப்படி உரிமை ஆம்புலன்ஸுக்கு. ஆனால் அந்தப் பஸ் வளைவிலேயே நின்றுவிட்டால் இரண்டும் மாட்டிக்கொள்ளும். மேலேயே ஒதுங்கி நின்று பஸ்ஸை ஏறவிட்டு, பிறகு இறங்குகிற பைலட்தான் சீக்கிரம் போய்ச் சேருவார்.

சீசனில் இந்தப் பாதை நிரம்பி வழிகிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. அந்த வண்டிகளை ஓட்டி வருபவர்களில் பலருக்கு மலைப்பாதை புதிது. அவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. சைரன் கேட்டதும் பதறி வளைவிலேயே பிரேக் போடாதீர்கள். வழி மறிப்பது அதுதான். இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு வளைவைத் தாண்டி, முன்னும் பின்னும் தெரிகிற நேர்பகுதிக்கு வந்து, இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். ஆம்புலன்ஸ் போனபின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு யாரையும் முந்தாதீர்கள். பின்னால் இரண்டாவது ஆம்புலன்ஸ் வரலாம்.